பச்சைப் பெட்டித் தகரம்

மாமா,

மழையில் நனைந்து மூலையிலேயே கிடந்து மக்கிப்போன கோணிச் சாக்கின் நாற்றம் என் புடவையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. துவைத்துப் பார்த்தேன், வெயிலில் போட்டுப் பார்த்தேன். வண்டிகளுக்குத் தகடு வேலை செய்கிற டிங்கர் பாய் உன் அம்பாசிடரின் பின் சீட்டைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த ரெக்சினை உரித்து, அதன் அடியில் நீ விரித்து வைத்திருந்த சாக்கை வெளியே இழுத்துப் போட்டபோது நான் கிட்டத்தில் நின்றிருந்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் வேலை என் தலையில்தான் விடிகிறது.

எல்லாம் உன் பிள்ளையால் வந்தது. பள்ளிக்கூட நாளில் இந்த வண்டியில் வந்து இறங்க வெட்கப்பட்டு, தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்வானே, அவன்தான். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி போட்ட கார் எல்லாம் இருந்தும், "நைனா வண்டி கிளாசிக்மா, துருப்பிடிச்ச தகடெல்லாம் மாத்தி அந்தக் காலத்துல இருந்த மாதிரியே பண்ணிடலாம்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சொல்வது அவன். புத்தூரிலிருந்து சித்தூர் ரோட்டு ஷெட்டுக்கு நடையாய் நடப்பது நான்.

பாய் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் வாய் ஓயாது. ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். கதவின் அடியில் தட்டினால் ஓட்டையை மறைத்திருந்த பட்டி மாவு உதிர்ந்தது. மட்கார்டு விளிம்பில் குத்தினால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. "அம்மா, இதி காரா, ஜல்லடையா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரு வந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்காமல், மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவது உன் வழக்கம் அல்லவா. பண்டிகைக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளையடி என்றால் காணாமல் போவாய். வண்டிக்கு மட்டும் பூசிக்கொண்டே இருந்தாய்.

அப்படித் துருப்பிடிக்க வைத்ததும் நீதான். திருமலையில் கோயில் குளமான கோனேரில் முங்கி எழுந்து வருகிறவர்கள் ஈரத்துணியை மூட்டை கட்டி வாடகைக் காரில் காலடியில் போட்டுக்கொண்டு மலையிறங்குவார்கள். மற்ற டிரைவர்கள் டிக்கியில் பிளாஸ்டிக் விரித்து அதில்தான் வைக்க விடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் நாலு கதவையும் திறந்து காயப்போடுவார்கள். நீயோ, "சாமி தீர்த்தம்டி, வண்டியில சொட்டினா புண்ணியம்" என்பாய். துடைக்கப் போனால் துணியைப் பிடுங்குவாய். அந்தப் புண்ணியம் முழுக்கச் சாக்கில் இறங்கி, சாக்கு உலராமல் ஊறிக் கிடந்து, கீழ்த்தகட்டைத் தின்று தீர்த்திருக்கிறது. தகட்டுக்குப் பாதுகாப்பு என்று நீ போட்ட சாக்கே அதற்கு எமனாகிவிட்டது.

சுமோக்கள் வந்த பிறகு திருப்பதி ஸ்டேஷன் வாசலில் உன் வண்டியை யார் திரும்பிப் பார்த்தார்கள்? பாட்டி, பேரன், மூட்டை முடிச்சு எல்லாம் ஒரே வண்டியில் ஏறலாம் என்றால் அம்பாசிடர் எதற்கு? அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மெட்ராஸ் அம்மாவின் செருப்பு வண்டிக்குள்ளிருந்தே மலைப்பாதையில் விழுந்தது. காலடியில் ஓட்டை. அவள் ஒற்றைச் செருப்போடு இறங்கி உன்னைத் திட்டியதை நீயே வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாய். வயிறு வலிக்கச் சிரித்தேன். "சரி, இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன். "பார்த்துக்கலாம் விடு" என்றாய். எதற்கும் உன்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தானே. கொஞ்ச நாளில் ஓட்டை அடைபட்டிருந்தது. சித்தூரில் டிரம் தகரம் கிடைத்தது என்றாய். நானும் நம்பினேன்.

சாக்கை எடுத்த இடத்தை பாய் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். "இலா சூடண்டி, இங்க பாருங்க" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். சுற்றிலும் துரு தின்ற தகடு, நடுவில் ரிவிட் அடித்து வைத்த பச்சைத் தகரம். அதில் பாதித் தாமரை. தாமரைக்குக் கீழே தெலுங்கு எழுத்தில் 'முனி' என்று இருந்தது. மிச்ச எழுத்தை நீ வெட்டி எறிந்திருக்கிறாய். முனியம்மா, உன்னைப் பெற்றவள் பேர். அது உன் தங்கச்சி கோவிந்தம்மாவின் டிரங்குப் பெட்டி. ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னமோ ஏதோ என்று பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கோவிந்தம்மா வீட்டு வேலைக்கு குவைத் போகும்போது, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த அந்தப் பெட்டியை நம் வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போனாள். மாமியார் அதற்குள் கண்ணை மூடியிருந்தாள். அவள் பேர் போட்டு மிச்சமிருந்த சாமான் அது ஒன்றுதான். "பத்திரம் அண்ணி" என்று என்னிடம்தான் சொன்னாள், உன்னிடம் இல்லை. திரும்பி வந்து பரணில் பார்த்தால், உள்ளே இருந்த புடவைகள் உன் பழைய வேட்டியில் மூட்டையாய் இருந்தன. பெட்டியைக் காணோம்.

"அண்ணி, என் பொட்டி எங்க?"

"அங்கதான் இருக்கும், நல்லா பாரு."

"பாத்துக்கினுதான் கேக்கறேன். எவர்சில்வர்காரன்கிட்ட போட்டுட்டு அந்தக் குண்டான் வாங்கிக்கினியா?"

என் கெட்ட நேரம், அடுப்படியில் புதுக் குண்டான் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஓட்டைப் பித்தளைச் சொம்பைப் போட்டு வாங்கியது. சொன்னேன், அழுதேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் ஸ்பார்க் பிளக்கைக் கழுவிக்கொண்டிருந்தாய். உன் தலைமேல் கையை வைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். நீ நிமிரவே இல்லை. "பொம்பளைங்க சண்டையில என்ன இழுக்காதீங்க" என்றாய். என் கைக்குக் கீழே இருந்த அந்தத் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அதற்கப்புறம் அவள் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவளும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், மாமா. எனக்குப் பிரசவம் பார்க்க வந்து என் தலைமாட்டிலேயே கிடந்தவள். கார்வேட்டிநகரத்தில் வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்கு உன்னை மட்டும் கூப்பிட்டாள். நீயும் வேட்டி மடிப்புக் கலையாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, பாயசம் நன்றாக இருந்தது என்று என்னிடமே சொன்னாய். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மாமியா பொட்டிய வித்தவ இவதான்" என்று யாராவது யாருக்காவது என்னைக் காட்டுவார்கள். பந்தியில் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் கேட்டு வாங்குவாய்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு சாயங்காலம் நீயே ஆரம்பித்தாய். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, காபி இருந்தா குடு" என்றாய். ஆற்றிக் கொடுத்தேன். என்ன ஜென்மம் மாமா நீ?

நம் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "விடும்மா, நைனாவே போயாச்சு. அத்தைகிட்ட சொல்லாத, அவரு பேரு கெட்டுடும்" என்றான்.

"அப்ப என் பேரு?"

"பார்த்துக்கலாம் விடும்மா" என்று போனை வைத்துவிட்டான். உன் பிள்ளைதான், சந்தேகமில்லை.

ஆனாலும் யோசித்தேன். குவைத்தில் அடுத்தவர் வீட்டு எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு ஊரில் இருந்த ஒரே தெம்பு நீ. அவள் வரும்போதெல்லாம் மெட்ராஸ் ஏர்போர்ட் வாசலில் இந்த வண்டியோடு நின்றவன் நீ. அவள் இன்றைக்கும் உன் பேரைச் சொன்னால் கண் கலங்குகிறவள். எவனோ திருடிப் பழைய இரும்புக் கடையில் போட்டான், அண்ணன் தெரியாமல் வாங்கிவிட்டார் என்று ஒரு கதை சொல்லலாம். என் பேரும் மீளும், உன் பேரும் நிற்கும். பாதி நாள் அந்தக் கதையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஷெட் தரையில் செதில் செதிலாய் உதிர்ந்து கிடந்த உன் பட்டியைப் பார்த்தேன். பூசினது போதும் என்று தோன்றியது.

பாய் ரிவிட்டுகளை வெட்டித் தகரத்தைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். "சுத்தி எல்லாம் போச்சும்மா, இது மட்டும் கெட்டியா நிக்குது" என்றார். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கார்வேட்டிநகரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கோவிந்தம்மா வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. துண்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். ஈரக் கையோடு தாமரையைத் தடவினாள். எழுத்தைத் தடவினாள்.

"எங்க கெடச்சுது?"

"உங்கண்ணன் வண்டியில. கால் வைக்கிற எடத்துல."

"யாரு வெட்டி வச்சது?"

"அவரேதான். பாய் பிரிச்ச அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

கையில் ஒட்டியிருந்த தவிட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான் உன்ன அந்தப் பேச்சு பேசினேனே, அப்ப அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எதிர்லதான் உக்காந்துகினு இருந்தாரு" என்றேன். மாமா, அதைச் சொல்லும்போது எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, அண்ணி. அண்ணன் வண்டி ஓடணும்னா நானே கத்தரி வாங்கி வெட்டிக் குடுத்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அங்கேதான் அழுகை வந்தது. பெட்டி போனதற்காக இல்லை, இத்தனை வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்காக வீணாய்ப் போனதே என்றுதான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வா, துன்னுட்டுப் போவ" என்றாள். கேவுருக் களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே ரெண்டு பேரும் உன்னைத் திட்டினோம். நீ சின்ன வயதில் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு அவளை அடி வாங்க வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. புத்தூர் பஸ் போனதுகூடத் தெரியவில்லை.

வண்டிக்குக் கீழ்த்தகடு புதுசாய் வைத்தாகிவிட்டது. மட்கார்டு இரண்டும் மெட்ராஸ் புதுப்பேட்டையிலிருந்து வந்தன, கதவுகளுக்கு பாய் தகடு வளைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் உன் திவசம். கோவிந்தம்மா முதல் நாளே வந்துவிட்டாள். சமையலறைக்குள் நுழைந்து என்னைத் தள்ளிவிட்டு அவளே வடை சுட்டாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, "பொட்டிய எடுத்தது எங்கண்ணன். எங்க அண்ணிய இனிமே யாராவது ஏதாவது சொன்னீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். எல்லாவற்றையும் உனக்குப் பிடித்த மாதிரி நிறைய நிறைய வைத்தாள். வைத்துவிட்டு உன் மூஞ்சியையே பார்த்தாள்.

"வந்து துன்னுட்டுப் போண்ணா. பேசவெல்லாம் வேணாம், நீதான் வாயே தெறக்க மாட்டியே" என்றாள்.

கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பெட்டியை விற்றவள் என்ற பேர் என்னை விட்டுப் போய்விட்டது, மாமா. உன்மேல் இருக்கிற கோபம் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம். அது இருக்கிற வரைக்கும்தான் உன்னோடு பேச எனக்கு வாய் வருகிறது.