டாக்டரிடம் பேர் கொடுக்காத அப்பாவுக்கு

பூதப்பாண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு, ராஜகுமார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மருமகள் பிரிஜாவும் சுகம். போனில் பேசினால் "செரி மக்கா, வைக்கட்டா" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வயலில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தது. நல்லவேளை, மழை இல்லை. உங்கள் அறையில் ஃபேன் மாற்றியிருக்கிறோம்.

சுனிதா அக்கா நடந்ததைச் சொன்னாள். நியூசிலாந்துக்குக் குடிபோனவர்கள் பக்கத்தில் உள்ள டாக்டரிடம் பேர் பதிய வேண்டும் என்று உங்களை அழைத்துப் போயிருக்கிறாள். எத்தனை நாள் இருப்பார் என்று அங்கிருந்த பெண் கேட்டாளாம். அக்கா இங்கிலீஷில் பதில் சொன்னதும், "என்ன மக்கா சொன்ன?" என்று கேட்டீர்களாம். "இனி இங்கதான்னு சொன்னேன்பா" என்றாளாம்.

"மூணு மாசத்துக்கு வந்தவனுக்கு எதுக்கு இன்னொரு டாக்டரு? ஊருல ரசலையன் இருக்காருல்லா" என்று சொல்லிவிட்டு, காரில் போய் உட்கார்ந்துவிட்டீர்களாம்.

மூன்று மாதம் என்று உங்களிடம் சொன்னவன் நான். அது அக்காவுக்குத் தெரியாது. அவளைக் கோபிக்க வேண்டாம். அங்கேயே குடியிருப்பதற்கான விசா தாளில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம், மகன் சொல்கிறான் என்று படித்துப் பார்க்காமல் போட்டீர்கள்.

நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். அந்தப் பயத்தில்தான் அனுப்பினேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் திருவனந்தபுரத்தில் உங்களை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, காரில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிரிஜா அதை அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்று டாக்டர் ரசலையனைப் பார்த்தேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எழுதித் தரச் சொன்னேன், அங்குள்ள டாக்டருக்குக் காட்ட. எழுதிக்கொண்டே, "அப்பா திரும்பி வருவாருல்லா?" என்றார். "வருவாரு டாக்டர்" என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பிரிஜாவிடம் பேசினேன். பகலில் உங்களுக்குத் துணையாக ஒரு ஆள் பார்க்கலாம் என்றாள். சித்திரையில் லீவு போட்டு அங்கே வருகிறேன். அங்கேயே இருப்பதா, என்னோடு வருவதா என்று நீங்கள் சொல்லுங்கள். இந்தத் தடவை உங்களைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன்.

அதுவரை மாத்திரை இல்லாமல் இருக்கக் கூடாது. கொண்டுபோனது தீரப்போகிறது என்று அக்கா அழுகிறாள். இதைப் படித்ததும் அந்த டாக்டரிடம் போய்ப் பேர் கொடுங்கள் அப்பா. கோபத்தை என்மேல் காட்டுங்கள். ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அங்கே கேட்டால், ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

உங்கள் பாதம் தொட்டு,
ராஜகுமார்