சுபியின் தலையில் வைத்த சத்தியம்

அன்பு மகள் ஜுனுவுக்கு, லாகுரி பஞ்ச்யாங் வீட்டிலிருந்து உன் அப்பா எழுதுவது. இங்கே நான், மாப்பிள்ளை, உன் மூத்தவள் சுபி, சின்னவன் காஞ்சா, இரண்டு ஆடுகள், எல்லாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ஜப்பானில் நீயும் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக் கிழவர்களும் அப்படியே இருக்கப் பசுபதிநாதரை வேண்டுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்து யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே. நானேதான். மாப்பிள்ளை சமையலறைத் தரையில் சுபிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிடித்துக்கொண்டேன். முதலில் சுபி என் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தாள், இப்போது என்னிடம் பார்த்து எழுதுகிறாள். எழுதி முடித்து, நம் நேபாளி எழுத்துக்கு உள்ளபடி தலைக்கு மேலே கோடு இழுத்ததும் எழுத்தெல்லாம் கொடியில் காயும் துணி மாதிரி வரிசையாகத் தொங்குகிறது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை மகளே. உன் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லவே இந்தக் கடிதம். போனை எனக்கு நேராகப் பிடிக்கத் தெரியாது, என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று நீ சிரிப்பாய், மாப்பிள்ளைதான் பிடித்துக்கொண்டு என் தோளோடு நிற்பார். அவரைப் பற்றி அவர் கையில் இருக்கும் போனில் எப்படிப் பேசுவது? அதனால் ஆட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நான் எழுத்துப் பழகுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தாமாங் வீட்டு சரிதா நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புவேன்.

பிள்ளைகளை மாப்பிள்ளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். சுபிக்கு அவர் போடும் பின்னல் நீ போடுவதைவிட இறுக்கம், பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு முடி வெளியே வராது. காஞ்சாவுக்குக் கஞ்சி கரைப்பதும் துணி துவைப்பதும் எனக்குப் பருப்பு தாளிப்பதும் எல்லாம் அவர்தான். நம் வழக்கப்படி மாப்பிள்ளை காலில் நான் குனிந்து கும்பிட வேண்டும், அவரோ நான் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறார், நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது சொல். பிடுங்கப் போனால், “விடுங்கப்பா, நீங்க கழுவினா நான் இன்னொரு தடவ கழுவணும்” என்கிறார். குழாயடியில் பெண்கள் சும்மா இருப்பார்களா? “ஏய், ஜுனுவோட பொண்டாட்டி வந்துட்டா, வழி விடுங்கடி” என்பார்கள். ஆரம்பத்தில் அவரும் விடமாட்டார், “வாங்க அக்கா, யாரு துணி வெள்ளையா வருதுன்னு பந்தயம் வச்சுக்கலாமா” என்று கேட்டுச் சிரிக்க வைப்பார். அப்புறம் ஒருத்தி, வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சம்பளம் உண்டா, சோறு மட்டும்தானா என்று கேட்டாள். அன்றிலிருந்து எல்லாரும் போன பிறகுதான் குடத்தை எடுக்கிறார்.

தசைன் பண்டிகை முடிந்து மழை விட்டுவிட்டது, காட்டுப்பாதை காய்ந்து கெட்டியாகிவிட்டது. சனிக்கிழமையானால் பட்டணத்துப் பையன்கள் மேலேயிருந்து மலை சைக்கிளில் இறங்குகிறார்கள். பாதை நம் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தானே போகிறது, பிரேக் பிடிக்கிற சத்தம் சமையலறைக்குள் கேட்கும். “தேஜ் அண்ணே, வாங்க” என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே போவார்கள். அவர் காஞ்சாவைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்துவார். வெள்ளைக்காரர்களைச் சைக்கிளில் மஸ்டாங் மலை வரை கூட்டிப் போய் வந்த மனிதர், வாசற்படிக்கும் குழாயடிக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறார். மத்தியானம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார். டிக் டிக் டிக் என்று அது ஓய்கிற சத்தத்தில்தான் காஞ்சா தூங்குகிறான், தாலாட்டெல்லாம் செல்லாது. பிள்ளை தூங்கிய பிறகும் அவர் சுற்றிக்கொண்டே இருப்பார், அவர் கண் சக்கரத்தில் இருக்காது.

இல்லத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று நீ போனில் கேட்டாயே, அன்று அவர் “தாராளமா போடு, இங்க என்ன குறை” என்று சிரித்தார். நீயும் பார்த்தாய். போனை வைத்த பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, பிணத்தைக் கட்டுவதுபோல் கயிற்றால் கட்டினார். காஞ்சாவுக்காகப் பின்சக்கரத்தை மட்டும் வெளியே விட்டார். அதன் எதிரே குந்தி உட்கார்ந்தவர் சோறு பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் இருந்தார். நான் கூப்பிட்டதற்கு, “ஒண்ணுமில்லப்பா, இடத்த அடைக்குதுல்ல” என்றார்.

மனிதருக்கு ஒரு நாள் விடுதலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நானாக முடிவு செய்தேன். போன சனிக்கிழமை அவர் விறகெடுக்க வெளியே போன சமயம் கயிற்றை அரிவாளால் அறுத்து, சைக்கிளை வாசலில் நிறுத்தி, உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இருட்டும்வரை வராதீர்கள் மாப்பிள்ளை என்று உள்ளேயிருந்து கத்தினேன். கதவைத் தட்டினார். “அப்பா, விளையாடாதீங்க, காஞ்சா இன்னும் கஞ்சி குடிக்கல” என்றார். நான் கொடுப்பேன் என்றேன். “உங்களுக்கு வெந்நீர் அளவு தெரியாது” என்றார். உங்கள் பெண்டாட்டியை யார் வளர்த்தது என்று கேட்டேன். “அத்தை வளத்தாங்க” என்றார். நான் கதவில் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது, போய்விட்டார் என்று சுபியும் நானும் கைதட்டினோம். கஞ்சி கட்டி கட்டியாக வந்தது, சுபி கரண்டியால் நசுக்கிக் கொடுத்தாள். தூங்க வைக்கத்தான் வழியில்லை, சக்கரம் வெளியே போய்விட்டதே. தட்டின் விளிம்பில் கரண்டியை உரசினேன், நாக்கைத் தட்டினேன், காஞ்சா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அழுதான். அழுது அழுது தானாகத் தூங்கினான்.

இருட்டும் முன்பே கதவைத் திறந்தால் மாப்பிள்ளை குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து காஞ்சாவின் அழுகை முழுதும் கேட்டிருக்கும். சைக்கிள் பக்கத்தில் இருந்தது, அவர் சட்டையில் ஒரு பொட்டுப் புழுதியில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் படாத பாடு பட்டது எதற்கு, போகவில்லையா என்று கத்தினேன். “வளைவு வரைக்கும் போனேன்ப்பா, தள்ளிக்கிட்டு. பசங்க பாத்துட்டு, என்ன அண்ணே, சைக்கிளுக்கு நடை பழக்குறீங்களான்னு சிரிச்சாங்க. திரும்பிட்டேன்” என்றார். ஏன் ஏறவில்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “சுபி தலைல கை வச்சு ஜுனுகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். அவ வர்ற வரைக்கும் பெடல மிதிக்க மாட்டேன்னு. கையால சுத்துறது கணக்குல வராது” என்றார். விமான நிலையத்தில் நீ உள்ளே போகும் முன் நடந்ததாம். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றதால் எனக்குத் தெரியவில்லை.

நீ செய்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். காஞ்சா உன் வயிற்றில் இருக்கும்போது அவர் விழுந்து தோளெலும்பை முறித்துக்கொண்டார், மருத்துவமனை வராந்தாவில் நீ நின்ற கோலம் என் கண்ணிலேயே இருக்கிறது. தூர தேசம் போகிறவள் அந்தப் பயத்தோடு எப்படிப் போவாய்? ஆனால் வருகிற வரைக்கும் என்று நீ சொன்னபோது ஒரு வருஷத்தை நினைத்துச் சொன்னாய். இப்போது அது நீண்டுகொண்டே போகிறது, அதையும் அவர் உன்னிடம் நினைவூட்டமாட்டார், தனக்காகக் கேட்டதாகிவிடும் என்று. நான் பெரியவன், நான் சொல்கிறேன், ஏறுங்கள் என்றேன். “கேட்டவ சொல்லணும்ப்பா, புள்ள தலையாச்சே” என்றார்.

நாங்கள் பேசியதை சுபி கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் குளிரில் குழாயடிக்குப் போய், சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க ஓடி வந்து, “பாபா, கழுவிட்டேன், இப்ப என் தலைல ஒண்ணுமில்ல, நீ போ” என்றாள். மாப்பிள்ளை சிரித்தார் மகளே, எத்தனை நாளைக்கப்புறமோ வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார், துவட்டி முடித்த பிறகும் துண்டை எடுக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். போகவில்லை.

இரண்டு வருஷம் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், உன் சம்பளத்தில் சாப்பிடுகிறவன் நான் அதில் வாய் வைக்கமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்தச் சத்தியத்தை அவிழ்த்துவிடு. பயமாக இருந்தால் சனிக்கிழமை மட்டும், இருட்டும் முன் வர வேண்டும், தலைக்கவசம் வேண்டும் என்று எத்தனை கட்டளை வேண்டுமானாலும் போடு, அவர் கேட்பார். உனக்கு அவிழ்க்க மனம் வரவில்லை என்றால் அதையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். அப்படியானால் போனில் விளையாட்டுக்குக்கூடச் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிடுகிறாய், அவர் அங்கேயே நிற்கிறார்.

குளிருக்குக் காலுறை இல்லாமல் இருக்காதே, கிழவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் குறைவில்லாமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். இதைப் படித்த பிறகு கூப்பிடும்போது பிள்ளைகளை விசாரிக்கும் முன் சத்தியத்தை அவிழ்த்ததை அவரிடம் சொல். நான் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுகிறேன், அவர் அழ வேண்டுமென்றால் அழட்டும்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய உன் அப்பா,
பிர்க்க பகதூர் பஸ்நெத்