சுவர் வேண்டாம், பாப்பாவைக் காட்டு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு, நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று நீ வீடியோ காலில் அந்தத் தனியார் பள்ளியைச் சுற்றிக் காட்டியபோது, சாரத்தின் மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டே பார்த்தேன். பிரஷ் நழுவி மேஸ்திரி தலையில் விழுந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல சேரப்போறது நீயா, உன் பொண்ணா?" என்று கத்தினார். பயப்படாதே, பிறகு அவரே சிரித்துவிட்டார்.

வகுப்பறையில் நல்ல வெளிச்சம். சுவரில் ஓதம் இல்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் பாப்பாவுக்கு எட்டுமா என்று மட்டும் பார்.

பெயிண்டர் புத்தி, "சுவத்தக் காட்டு, சுவத்தக் காட்டு"ன்னே உன்னை விரட்டிவிட்டேன். பாப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. விண்ணப்பம் வாங்கும் முன் இன்னொரு தடவை அவளோடு அங்கே போய்க் கூப்பிடு. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்களை விட்டு இங்கே வேலைக்கு வந்து இத்தனை மாதமான பிறகும் சொல்ல முடிகிறதா, பார்க்கிறேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். போனை அவள் உயரத்துக்குப் பிடி.