கூண்டு ஏறாத கொடிமரம்

அனுப்புபவர்:
அ. தாணுலிங்கம்,
கருப்பட்டி, கயிறு, பலசரக்கு மொத்த வியாபாரம் (சில்லறையும் உண்டு),
கடற்கரைத் தெரு, நாவலடிமுனை,
வேம்பாருக்குத் தெற்கே.

பெறுபவர்:
கனம் சப் கலெக்டர் துரையவர்கள் சமூகம்,
தூத்துக்குடி.

பொருள்: புயல் வருவது தெரிந்தும் நாவலடிமுனைக் கொடிமரத்தில் கூண்டு ஏற்றாமல் விட்டதும், அதனால் ஓர் உயிர் போனதும், இவ்வூர் வாலிபர்கள் சர்க்கார் அறிவிப்பு எதையும் நம்பாமல் போனதும் குறித்து.

மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. அடியேன் ஐந்தாம் வகுப்பு வரை வாசித்தவன். ஆறாம் வகுப்பையும் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று ஏறக்குறைய முடித்தவன். வேம்பார் முதல் பெரியதாழை வரை மனு எழுதத் தெரிந்த வியாபாரி யார் என்று கேட்டால் கைக்குழந்தையும் என் கடையைக் காட்டும். என் மனுக்களைப் படித்து இரண்டு தாசில்தார்கள் கண்ணீர் விட்டதாகக் கேள்வி. ஆனால் இந்த மனுவை நான்கு தரம் கிழித்துப் போட்டு ஐந்தாம் தரம் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் சர்க்கார் எங்கள் கரையில் கொடிமரம் நட்டது. காற்று கெடப்போகிறது என்று கொடிமர ஆபீஸ் அதிகாரிக்குத் தந்தி வந்தால் அதில் கறுப்புக் கூண்டு ஏறும். கூண்டைக் கண்டால் வள்ளம் இறக்கக் கூடாது. மரம் வெறுமையாக நின்றால் பயமில்லை என்று அர்த்தம். நட்ட அன்று பத்தாயிரம் பேர் கூடினார்கள். ஊரில் அத்தனை தலை கிடையாது என்று சிலர் சொல்லுவார்கள், சுற்றுவட்டாரமும் வந்திருந்தது. பானகம் என் செலவு, பிரசங்கமும் நானே. வந்திருந்த துரை என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் மழைக்காலத்தில் இன்னும் தோள்பட்டை வலிக்கிறது.

3. மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்தே பழகிய பெரியவர்கள் மரத்தை மதிக்கவில்லை. நம்பியவர்கள் வாலிபர்களே. என் தங்கை மகன் இசக்கியப்பனும், வள்ளம் நடத்தும் தண்டல் ரோச்சும், ரோச்சின் தம்பி சிலுவையும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். கூண்டு ஏறிய நாளில் வள்ளத்தின் முன்னால் படுத்து மறித்தார்கள். ஒரு தரம் ரோச்சின் தகப்பனார், "ஏலே, அந்தக் கம்பு ஒனக்கு அப்பனா, நான் ஒனக்கு அப்பனா?" என்று கேட்டார். "அப்பன் நீருதான். ஆனா அதுக்குத் தந்தி வருது, ஒமக்கு வரலையே" என்றான் ரோச். அன்று சாயந்திரமே கடல் பொங்கியது. அலை பனைமர உயரம். குட்டைப் பனை அல்ல. அதன்பின் ஊர் முழுவதும் மரத்தைப் பார்த்தே வள்ளம் இறக்கியது.

4. யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் தனக்குத் தோன்றிய நாளில்தான் ஓடுகிறது. ஆகையால் என் கருப்பட்டிச் சிப்பங்கள் ரோச்சின் வள்ளத்தில்தான் தூத்துக்குடி போகும். சென்ற ஐப்பசியில் அப்படிப் புறப்பட்ட ஒரு காலையில், வடகிழக்கே மேகம் சரியில்லை என்று ரோச்சின் தகப்பனார் தடுத்தார். கொடிமரத்தில் ஒன்றும் ஏறியிருக்கவில்லை. "மரம் சும்மாதான நிக்கி, மாமா. போயிட்டு வாரோம்" என்று இசக்கியப்பன் என்னிடம் சொல்லிவிட்டு ஏறினான். ரோச்சும் சிலுவையும் பாய் விரித்தார்கள்.

5. வள்ளம் கண்ணுக்கு மறைந்த பின் கொடிமர ஆபீஸ் சேவகன் என் கடைக்கு வந்து இருக்கிற கயிறு முழுவதையும் கேட்டான். எங்கள் கயிற்றில் கப்பலைக் கட்டினால் கப்பல்தான் அறும், கயிறு அறாது. ஆனாலும் இவ்வளவு எதற்கு என்று, "எதுக்குடே?" என்றேன். "அதிகாரி வீட்டுப் பசு அத்துக்கிட்டு ஓடுது, அண்ணாச்சி" என்றான். அப்படிப்பட்ட பசுவைப் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

6. மத்தியானத்துக்கு மேல் புயல் வந்தது. வள்ளம் கவிழ்ந்தது. ரோச்சும் இசக்கியப்பனும் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு கரை ஒதுங்கினார்கள். அலை எவ்வளவு உயரம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. சிலுவை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

7. மறுநாள் நியாயம் கேட்க அதிகாரி வீட்டுக்குப் போனேன். ஊரில் பாதிக் கூரை இல்லை. அவர் வீட்டில் ஓர் ஓடு அசையவில்லை. என் கடைக் கயிறு கூரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தது. ஜன்னல்களில் பலகை அறைந்திருந்தது. பசு கயிறே இல்லாமல் சாவகாசமாய் வைக்கோல் தின்றது. தொங்கிய கயிற்று நுனியை இழுத்துப் பார்த்தேன். பிறகு, தந்தி வந்ததா என்று அதிகாரியிடம் கேட்டேன். வந்தது, ஆனால் யுத்த காலத்தில் காற்று மழைச் சங்கதி எதிரிக்குத் தெரியக் கூடாது, அது ரகசியம் என்றார். எதிரிக்குத் தெரியக் கூடாததை அவர் வீட்டு ஓட்டுக்கு யார் சொன்னது என்பதைச் சமூகம் விசாரிக்க வேண்டும்.

8. சென்ற வாரம் கூண்டு ஏறியது. இந்தத் தரம் ரகசியம் எங்கே போயிற்றோ தெரியாது. வாலிபர் ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. மரத்தடியிலேயே நின்று பாய் கட்டினார்கள். நான் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி, "ஏலே ரோச்சு, கூண்டு ஏறிருக்குடே!" என்று கத்தினேன். "அன்னைக்கு ஏறல, சிலுவை போனான். இன்னைக்கு ஏறிருக்குல்லா, அண்ணாச்சி? அவன் வாரானான்னு பாத்துட்டு வாரேன்" என்றான். இசக்கியப்பன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று புயல் வேறு திக்கில் போய்விட்டது. வள்ளங்கள் பத்திரமாகத் திரும்பின, பிள்ளைகள் மரத்தைக் காட்டிச் சிரித்தார்கள். புயலுக்கும் கடை அடைக்காத நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

9. காலரா ஊசி போட வந்தவரிடமும் வாலிபர்கள், "ஒங்க வீட்டுல மொதல்ல குத்தியாச்சா, இல்ல அதுவும் ரகசியமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஊசி போடாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சங்கத்துக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.

10. ஆகவே தாழ்மையுடன் கேட்பது: அந்தத் தந்தி எப்போது வந்தது, யார் தடுத்தது என்பதை ஊரார் முன்னிலையில், ரோச்சின் தகப்பனார் காதுபட, படித்துக் காட்ட வேண்டும். யுத்தம் பெரிய காரியம். அதற்கு எதிர்வாதம் செய்ய என் படிப்பு போதாது. ஆனால் வெறுமையாய் நிற்கும் மரமும் எங்களிடம் பேசுகிறது. பயமில்லை, போ என்கிறது. இனி தந்தி வந்த நாளெல்லாம் கூண்டு ஏற வேண்டும். அது முடியாதென்றால், யுத்தம் முடியும்வரை மரத்தைப் பிடுங்கி மணலில் கிடத்திவிட உத்தரவாக வேண்டும். மரம் இல்லாத கரையில் எங்கள் பிள்ளைகள் மேகத்தையாவது பார்ப்பார்கள்.

கார்த்திகைக் காற்று இன்னும் ஓயவில்லை. இசக்கியப்பன் நாளைக் காலையிலும் வள்ளம் ஏறுகிறான்.

இடம்: நாவலடிமுனை
தேதி: 1943 டிசம்பர் 2

தங்கள் உத்தரவுக்காகக் கரையில் நின்றுகொண்டிருக்கும்,
அ. தாணுலிங்கம்
(கையொப்பம் என் சொந்தக் கையெழுத்து)