கொப்பரையின் விதி

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் மகன் கார்த்திக்கைப் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில் அடித்துக் கொன்ற இருவரும் இன்று ஜாமீனில் வெளிவந்துவிட்டனர். மாலையில் மகள் நிலா, தான் எழுதும் மாயாஜால நாவலின் புதிய அத்தியாயத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் ஜெட்டிக்கு அடியில் வேறொரு பிரபஞ்சமாக எமலோகம் இருக்கிறது. அங்கே கிங்கரர்கள் அவ்விருவரின் பற்களை உலக்கையால் நொறுக்கி, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் தள்ளுகின்றனர்.

“விசாரிக்காம தண்டிக்கக்கூடாதும்மா. சித்திரகுப்தன் முதல்ல கணக்கு வாசிக்கணும்” என்றேன்.

“பஸ் கரோ அப்பா, நிறுத்துங்க! உங்க சட்டம்தான் அவனுங்கள வெளிய விட்டுச்சு.”

அவள் மடிக்கணினியில் அந்தப் பத்தியை நானே இன்னொரு முறை படித்தேன். பிறகு, வெந்த உடல் மறுபடி முழுதாக வளர வேண்டும், வளர்ந்ததும் மீண்டும் கொப்பரையில் தள்ள வேண்டும், நரகத்தின் விதி அதுதான் என்றேன்.

“எத்தனை தடவைப்பா?”

“நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்.”

“போதும்பா” என்று நிலா மடிக்கணினியை மூடினாள்.

எனக்குப் போதவில்லை.