கல்லுக்குப் பூக் கேட்டது

தை, செவ்வாய். நல்ல பனி.

பாப்பு, அம்மா பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சலில் நீ போய் மூன்று மாதம். பாதியில் நிற்கும் உன் வீரக்கல் கட்டுரையை முடிக்காமல் செக்கிங் டேபிளில் கை ஓடவில்லை. நான் அஞ்சாவது படித்தவள். பார்ப்போம்.

குண்டடம் பக்கம் நம் கோயில் வீரக்கல்லைச் சுற்றி ஞாயிறு டைல்ஸ் பதிக்கிறார்கள். கீழ்ப்பாதி எழுத்து சிமெண்டுக்குள் போய்விடும். அதற்குள் எழுத்தைக் காகிதத்தில் படி எடுக்கணும். உன் காலேஜ் சார் வருகிறேன் என்றார்.

கல் மேல் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. லீவு சொல்லப் போனபோது பக்கத்து டேபிள் பாத்திமாக்கா: "கறை எடுக்கற ஸ்ப்ரே கன்னைக் கொண்டுபோயி அடிச்சு உடு. சாமி எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி ஆயிரும்." சிரித்துவிட்டேன். நீ போனபின் முதல் தடவை.

புதன்.

பூசாரி மாமா பிடிகொடுக்கவில்லை. "தலைமுறையாச் சாத்துன எண்ணெய்ங்க. பூக் கேக்காமத் தொடக்கூடாதுங்க." வெள்ளை அரளி, சிவப்பு அரளி, தனித்தனி இலைப் பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். "சாமி, உன்னையக் கழுவி உட்ரலாமா?" என்று கேட்டு எடுத்தார். சிவப்பு.

"போயிட்டு வாங்க அம்மிணி."

வியாழன்.

'கேள்வியச் சரியாக் கேட்டாத்தான் எழுத வரும்மா' என்பாய். மாமா கேட்டதுதான் தப்பு. எந்தச் சாமி என்னைக் கழுவு என்று சொல்லும்? திரும்பப் போனேன்.

"இன்னொருக்காக் கேளுங்க மாமா. பழைய எண்ணெயை எடுத்துட்டுப் புது எண்ணெய்க்காப்பு நானே சாத்தறேன்னு சொல்லிக் கேளுங்க."

"வக்கீலாட்டப் பேசறீங்க." முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். வெள்ளை!

சனி. வெயில்.

சீயக்காய், வெந்நீர், தேங்காய் நார். தோள் விட்டுப்போச்சு. சார் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றினார். கறுப்பில் வெள்ளையாய் எழுத்து. மாடு மீட்கப் போய்ச் செத்தவன். பேர் சாத்தன். கீழே, சிமெண்டுக்குள் போகவிருந்த வரியில், கல் நட்ட தங்கை பேர். கொற்றி. அழுகை, புலம்பல் ஒரு சொல் இல்லை. இன்னான் செத்தான், இன்னாள் நட்டாள். அவ்வளவுதான்.

மாமாவுக்கு வேறு கவலை. "முனியப்பன்னுல்ல கும்பிட்டோம்! நாளைக்குப் பூசையில எந்தப் பேரச் சொல்றதுங்க?"

"ரெண்டையும் சொல்லுங்க மாமா. கோவிச்சுக்க மாட்டாரு."

ஞாயிறு.

காலையில் காப்பு சாத்தினேன். டைல்ஸ் ஏறிவிட்டது. ஏறட்டும். மத்தியானம் கட்டுரை முடிந்தது. கடைசி ஒன்றரைப் பக்கம் என்னுடையது. நீ எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

சார் போனில்: "அடியில எழுதுனவங்க பேரு போடணுங்க."

உன் பேரைப் போட்டேன். கல் நட்ட கொற்றி பேரும் கல்லில் இருக்கிறதே. உன் பேருக்குக் கீழே என் பேரையும் போட்டுக்கட்டுமா, பாப்பு?