கரை ஒதுங்கிய படகு யாருடையது?

நன்மை பொலிக. மழை தன் பருவம் தவறாதிருக்க. கடல் தன் எல்லை மீறாதிருக்க. மணிமதிலூர் அரண்மனையில் வீற்றிருந்து ஆழிவளநாடு ஆளும் வல்லவைப் பெருமாட்டியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கடம்பன் ஐயாறன் எழுதியது. கீழ்க்கடற்கூற்றத்து நாடாள்வார் ஆவூரன் கொற்றங்கோ தலைமேற்கொண்டு படிக்க. உமக்கும் உம் மனையார்க்கும் நலம் விழைவது ஓலை மரபு. மரபு கருதி அது எழுதப்பட்டது. அதைச் சொல்லும்போது அரசியாரின் முகம் சிவந்திருந்தது என்பதையும் நீர் அறிக.

ஐப்பசிப் புயலில் முள்ளித்துறை மீனவர் மாண்டது குறித்து நீர் விடுத்த செய்தி வந்து சேர்ந்தது. குன்றின்மேல் அரசு எழுப்பிய புயற்காப்பு மண்டபம் கதவு திறந்து காத்திருக்க, பறை அறைந்து அழைத்தும் ஏறி வராமல், படகுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று அம்மூடர் மடிந்தனர் என்றும், விதியை வெல்ல அரசாலும் ஆகாது என்றும் சொல்லியிருந்தீர். அரசியார் நம்பினார். நம்பி, மாண்டவர்க்காக உணவும் தவிர்த்தார். அந்தத் துக்கம் ஆறுமுன்னே உண்மை மரக்கலம் ஏறி வந்து அரண்மனை வாசலில் நின்றது.

வந்தவர் வெண்சங்குத் தீவின் ஆய்வறிஞர் காரிநங்கையார். புயற்செய்தி கேட்டு, அழைப்புக்குக் காத்திராமல் புறப்பட்டு, முள்ளித்துறையில் இறங்கி அழுதுவிட்டு, அங்கிருந்து நேரே வந்தார். வாசலில் மாலையோடு நின்ற பணிமகளைப் பார்த்ததும், இன்னொரு மாலை தம் கழுத்தில் விழுந்தால் வந்த கலத்திலேயே திரும்பிவிடுவதாகச் சொன்னார். அவையோர் திகைத்தனர். அரசியார் மாலையை அகற்றச் செய்து, தம் எதிரே இருக்கை இட்டார்.

காரிநங்கையார் யார் என்பது உமக்கு நன்கு தெரியும். சொந்த நாட்டு அதிகாரி வினவினால் குடிகள் எல்லாம் நலம் என்றுதான் சொல்வர். அயலவர் கூட இருந்து உண்டு உறங்கிக் கேட்டால் மனம் திறப்பர். ஆகவே நம் நாடும் அத்தீவும் தம் அறிஞரை ஒன்றுக்கொன்று அனுப்பிக் குடிகளின் வாழ்வை ஆராய்வதென்றும், ஆராய்ந்ததைக் கேட்டுச் சட்டம் செய்வதென்றும் உடன்படிக்கை செய்தன. அதன்படி, ஏன் எவரும் மண்டபத்துக்கு வருவதில்லை என்று அறியவே காரிநங்கையார் சென்ற கோடையில் முள்ளித்துறையில் குடியிருந்து வலை பின்னினார், கருவாடு உலர்த்தினார், கேட்டார். பரவன் சாம்பனின் மனைவி வள்ளத்தாள் சொன்ன மறுமொழியை, எழுத்தாணி அழகுபடுத்தாமல் அப்படியே பொறிக்கும்படி அரசியார் பணித்தார்: “மேட்டுல ஏறி உசுரக் காப்பாத்திக்கிட்டு, எறங்கி வந்து எத வச்சுப் பொழைக்கிறது? புயலு மிச்சம் வச்சத நாடாள்வாரு ஆளு தூக்கிட்டுப் போயிருவான்.”

கரை ஒதுங்கிய பொருள் யாவும் அரசுக்குரியது என்பது அரசியாரின் பாட்டனார் இட்ட சட்டம். உடைந்த அயல்நாட்டுக் கலங்களின் சரக்கை எண்ணி அவர் அதை இட்டார். உம் ஏவலரோ, புயலில் கட்டறுந்து நூறு முழம் தள்ளிக் கிடக்கும் சாம்பனின் படகையும் அதே சட்டத்தால் இழுத்துச் சென்றனர். ஆள் பிடித்துக்கொண்டு நின்றால் அது அவன் படகு. கைவிட்டு மண்டபம் ஏறினால் அது அரசின் படகு. எனவே ஆண் படகை விடமாட்டான், மனைவி அவனை விடமாட்டாள், பிள்ளைகள் அவளை விடமாட்டார்கள். ஒரு கையால் மண்டபம் கட்டி மறு கையால் அதன் வழியை அடைத்தது அரசு. இதிலே மூடர் யார், கொற்றங்கோ?

இதை உம் அவையில் எடுத்துரைக்கவே அவர் புயலுக்கு முன்னரே வந்தார். நீர் என்ன செய்தீர்? விருந்தினரை வேலை வாங்கலாகாது என்னும் நம் நாட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டீர். யானைமேல் ஏற்றினீர், பட்டுப் போர்த்தினீர், அறிவுக்கடல் என்று பட்டம் சூட்டினீர். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் சங்கு ஊதச் செய்தீர். ஊதியபடியே கலத்திலும் ஏற்றிவிட்டீர். பந்தியில் உட்காரவைத்து இலையைப் பறித்த கதை கேட்டிருக்கிறோம். சமைத்து வந்தவளையே விருந்தென்று உட்காரவைத்து, அவள் கொண்டுவந்த சோற்றைக் குப்பையில் கொட்டியவரை இப்போதுதான் கண்டோம். கடலைக் கடல் என்று புகழ்ந்துவிட்டு அதில் ஒரு கை நீர் அள்ள மறுத்தீர். சாம்பன் இன்றில்லை. வள்ளத்தாளும் இல்லை.

இதைக் கேட்ட அரசியார், அதே உடன்படிக்கையின்படி நாம் அனுப்பிய அறிஞன் சாத்தங்குமரன் அத்தீவில் என்ன ஆனான் என்று வினவினார். அங்கே புதுக்கிணறுகளைப் பெண்கள் தீண்டாத காரணத்தை அவன் ஆராய்ந்து சொன்னதும், தீவின் மன்னர் பாயில் அமர்ந்து பொழுது சாயுமட்டும் கேட்டு, அந்த மாதமே, ஆடவர் கூடும் சந்தைவெளியை விட்டுக் குடியிருப்பின் உள்ளே கிணறுகள் தோண்டச் செய்தார் என்று காரிநங்கையார் விடை தந்தார். அவனுக்கு மாலை போட்டார்களா என்று அரசியார் கேட்க, அதற்கு அவகாசம் இல்லை என்றார். அப்போதுதான் அரசியாரின் கண் கலங்கியது. கலங்கியதும் சினம் மூண்டது.

ஆதலின் ஆணை யாதெனில்: புயலால் கரை ஒதுங்கிய படகும் வலையும் அவற்றை உடையவனுக்கே உரியன, தொட்ட ஏவலன் கை விலங்கு பூணும். முன்பு இழுத்துச் சென்றவை யாவும் உரியவர் வாசலில் சேர்க. காரிநங்கையார் முள்ளித்துறைக்கு மீள்கிறார். அவர் பேசும்போது சங்கு ஊதலாகாது. அயல்நாட்டு அறிஞர் எவர் வரினும் முதலில் அவர் சொல் கேட்கப்படுக, அச்சொல்லால் எச்சட்டம் மாறியதென்று அவையில் அறிவிக்கப்படுக, மாலை அதற்குப் பின்.

மீன் பொறித்த அரக்கு முத்திரை இட்டு, குதிரைத்தூதன் கையில் தரப்பட்டது. கேட்பவர் செவி திறக்க. குடிகள் உயிர் நிலைக்க.

முத்திரை இடுமுன் அரசியார் தம் கையாலேயே சேர்த்த வரி: கார்த்திகைப் புயல் தொலைவில் இல்லை. அரசின் சொல்லை முள்ளித்துறையார் இனி எளிதில் நம்பமாட்டார்கள். நம்பவைப்பது உம் பொறுப்பு. பறை முழங்கும்போது கரையில் ஒருவன் படகைப் பிடித்துக்கொண்டு நின்றால், நீர் அவன் அருகே போய் நில்லும். அவன் மண்டபம் ஏறிய பிறகே நீர் ஏறலாம்.